விக்கிரமசிங்கபுரத்தில் போட்ட ஜெர்மன் ஓட்டு

பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று இனிக் கிடையாது, அதையும் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து சில மாதங்கள் கழித்து, என்னோடு கடைசியாக வேலை பார்த்த செல்வி வீட்டுக்கு வந்தாள். ஊழியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டுமாம்.

"ரூல்ஸ் எல்லாம் எழுதாதீங்கக்கா, ஒருத்தரும் படிக்க மாட்டாக" என்றாள். "அந்த ஜெர்மன் அம்மா கதைய எழுதுங்க. அன்னைக்கு நான் லீவுல்லா. எனக்கே முழுசாத் தெரியாது."

ஆகவே எழுதுகிறேன். ஆனால் அந்த அம்மாவிடம் போவதற்கு முன்னால் சிவசைலம் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பரீட்சை எழுதித் தபால் துறையில் சேர்ந்தேன். மதுரையில் பயிற்சி. அங்கே நான் கற்றுக்கொண்டது தபால் பை கட்டும் முடிச்சு, அரக்கு உருக்கும் பக்குவம், விடுதிச் சாம்பாரை முகம் சுளிக்காமல் சாப்பிடுவது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு சிவசைலம் சாரிடம் கற்றது.

அவர்தான் எனக்கு முதல் போஸ்ட்மாஸ்டர். நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளை அரைக்கைச் சட்டை. குரல் அவ்வளவு தாழ்ந்திருக்கும். அவர் பேசினால் எதிரே நிற்பவர் தானாகக் குனிந்துவிடுவார். காலையில் வண்டி வந்து பைகளை இறக்கும்போது அவர் நாற்காலியில் இருக்க மாட்டார், எழுந்து வந்து நிற்பார். பையை அவிழ்ப்பதற்கு முன் முடிச்சை விரலால் ஒருமுறை தடவுவார். அரக்கு முத்திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். அப்புறம்தான் தலையை ஆட்டுவார். பை கவிழும். மேசை முழுக்கக் கடிதங்கள் சரியும். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் தூக்கத்தில் கேட்கிறது, தூரத்தில் எங்கோ மழை பிடித்துக்கொண்டதுபோல.

அந்தக் காலத்தில் தபால் அட்டைகள்தான் அதிகம். அட்டைக்கு உறை கிடையாதே. எழுதியதெல்லாம் திறந்து கிடக்கும். நான் சேர்ந்த புதிதில் ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றுவிட்டேன். சார் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து அட்டையை மெல்லத் திருப்பி வைத்தார்.

"ஜெபமணி, கார்டுக்கு ரெண்டு பக்கம். அட்ரஸ் பக்கம் நம்ம பக்கம். இன்னொண்ணு அவுக பக்கம். கண்ணு போவத்தான் செய்யும். மனசு போவப்படாது."

அது லேசான காரியமில்லை. மாதக்கணக்கில் கண்ணில் பட்ட சொற்கள் என்னோடு வீடு வரைக்கும் வந்தன. 'நேற்றோடு எல்லாம் முடிந்தது', 'பிள்ளை உன்னைப் போலவே' என்று யாரோ யாருக்கோ எழுதியது, நான் தலை சீவும்போது காதருகே மிதக்கும். பிறகு பழகிவிட்டது. எழுத்தெல்லாம் வெறும் கோடுகளாகி, ஆற்றுமணலில் நண்டு நடந்த தடம்போலக் கண்ணைக் கடந்து போயின.

வள்ளியூரில் நான் கவுண்டரில் இருந்தபோது ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். சந்தையில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறவர், ஊரில் நல்ல பெயருள்ளவர். மகளுக்குச் சென்னையிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. அதைத் தன்னிடம் தரச் சொன்னார். "என் மகதானே? நான் பெத்த புள்ளைக்கு வந்த கடுதாசியை நான் வாங்கப்படாதா?" என்று சத்தம் போட்டார். அதற்குள் ஆய்வாளராகியிருந்த சிவசைலம் சார் அன்று அங்கே ஆய்வுக்கு வந்திருந்தார். உள்ளேயிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, கோவப்படாதீய. வெயில்ல வந்திருக்கிய. உக்காந்து மோர் குடிங்க" என்றார். அவர் உட்கார்ந்தார், குடித்தார். "உங்க மகள வரச் சொல்லுங்க. அது கையிலதான் குடுப்போம். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு வந்தா, உங்க கையிலதான் குடுப்போம். அந்தப் பிள்ளை அழுது கேட்டாலும் குடுக்க மாட்டோம்."

மறுநாள் மகள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் வாசலைத் தாண்டும்போது உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

பிறகு எத்தனையோ ஊர்கள். கடைசியாக விக்கிரமசிங்கபுரம் துணை அஞ்சலகத்துக்குப் பொறுப்பாளராக வந்தேன். மலையடிவாரம். நூல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். காலை ஷிஃப்டுக்குச் சைக்கிள்கள் போகும்போது மேகம் தெருவரைக்கும் இறங்கியிருக்கும். மணிச்சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒருநாள் வெள்ளைச் சேலை கட்டிய உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா, கைத்தடியால் தரையைத் தொட்டுத் தொட்டு என் கவுண்டருக்கு வந்தார்.

"ஏட்டி, நீதான் புது ஆளா?" என்றார்.

எல்ஃப்ரீடே என்பது பெயர். ஊருக்கு அவர் எல்ஃபி அம்மா. இளம்பிள்ளைவாதம் வந்த பிள்ளைகளுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்க இளவயதிலேயே ஜெர்மனியிலிருந்து வந்தவர். அந்த நோய் ஒழிந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு சின்ன வாடகை வீடு. அவரிடம் நடக்கப் பழகியவர்கள் பலர் இப்போது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று கடை வைத்திருக்கிறார்கள். தமிழ் எங்களைவிடச் சுத்தமான நெல்லைத் தமிழ். ஆனால் கடவுச்சீட்டை மட்டும் மாற்றவேயில்லை. கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருப்பது தெரியாது, ஓரம் மட்டும் தெரியும் என்பார். அதனால் என்னோடு பேசும்போது எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஜெர்மனியில் ஆட்சி கவிழ்ந்து, நாடாளுமன்றத் தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாம். எல்ஃபி அம்மாவிடம் நடை பழகிய பெண் ஒருத்தி கணினி மையம் வைத்திருந்தாள். அவள்தான் விண்ணப்பம் அனுப்பினாள். பிறகு எல்ஃபி அம்மா தினமும் வரத் தொடங்கினார்.

"வந்துட்டா?"

"இன்னும் வரல அம்மா."

அவர் போய்விடுவார். நானும் என் வேலையைப் பார்ப்பேன். ஆனால் நாள் நெருங்க நெருங்க எனக்கே மனசு கிடந்து அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே தேர்தல். அன்று சாயங்காலத்துக்குள் ஓட்டு அந்த ஊர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவசரத் தேர்தல் என்பதால் வாக்குச்சீட்டு அச்சடிக்கவே தாமதம் என்று கேள்வி.

தேர்தலுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பையைக் கவிழ்த்தபோது வந்து விழுந்தது. தபால்காரர் முருகன் வழக்கமாக மதியம் அந்தப் பக்கம் போவார். நான் பொறுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

எல்ஃபி அம்மா உறையை இரண்டு கையாலும் தடவினார். பிரித்து ஒவ்வொன்றாக மடியில் வைத்தார். நீளமான வாக்குச்சீட்டு. அதை வைக்க ஒரு சின்ன உறை. ஓர் உறுதிமொழித் தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட ஒரு சிவப்பு உறை.

"என்னால படிக்க முடியாது. படிக்க முடியாதவுகளுக்கு ஒருத்தர் ஒத்தாசை செய்யலாம்னு சட்டம் இருக்கு" என்றார். "நீ செய்வியா?"

"எனக்கு ஜெர்மன் தெரியாதே அம்மா."

"அதனாலதான் உன்னைக் கேக்கேன். எழுத்துக் கூட்டு. நான் புரிஞ்சுக்கிடுதேன். ஆனா கையெழுத்துப் போடணும். நீ கண்டத ஆருட்டயும் சொல்லப்படாது, சாவுத வரைக்கும்."

சரி என்றேன். மேசையில் தாளை விரித்தேன். அவர் அசையவில்லை.

"திரை வேணும்" என்றார்.

வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. வாசல் கதவும் சாத்தியிருந்தது. நான் அதைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"ஜெர்மனி அப்போ ரெண்டு நாடு. எங்க ஊர் கிழக்க, அங்க வேற கவர்மெண்டு. ஓட்டுன்னா, குடுக்கிற தாள மடிச்சுப் பெட்டியில போடுதது. அம்புட்டுதான். பேரெல்லாம் அவுகளே அச்சடிச்சிருவாக. வேண்டாத பேர அடிக்கணும்னா, மூலையில ஒரு திரை தொங்கும். அதுக்குப் பின்னால போனா, உன் பேர எழுதிக்கிடுவாக. ஒருத்தரும் போவ மாட்டாக. எங்கம்மா போனா. என் கையப் பிடிச்சிருந்தா, விட்டுட்டுப் போனா. பென்சில் கீறுத சத்தம் மட்டும் கேட்டுது. ஹால்ல வேற சத்தமே இல்ல."

"பொறவு?"

"அம்மா டீச்சர். மறுமாசம் வேலை போச்சு. நூல் ஆலைக்குப் போனா. நான் மேக்க ஓடி வந்து, அங்கனருந்து இங்கன வந்துட்டேன். பாளையங்கோட்டையில வீடு பாக்கச் சொன்னாக. ஆலைச் சங்கு கேக்குத ஊர்தான் வேணும்னு இங்கன வந்தேன்." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "இத்தனை காலத்துல நான் ஒரு தடவை கூட ஓட்டுப் போட்டதில்ல, ஜெபா. முதல்ல பயம். அப்புறம் பேர் பதியணும், தபால் வரணும்னு சோம்பல். இப்போ கண்ணு போவுது. இந்தத் தடவை விட்டா இல்ல."

நான் எழுந்து போய்க் கொடியில் கிடந்த அவருடைய சேலையை எடுத்து, ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் குறுக்கே கட்டினேன். மேசையை உள்ளே இழுத்தேன். இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாசி வெயில் வெள்ளைச் சேலை வழியாகப் பால்போலக் கசிந்து வந்தது. வெளியே வாய்க்கால் ஓடும் சத்தம். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். வாய் நுழையாத நீளப் பெயர்கள், தொழில்கள், ஊர்கள். என் வாயில் அவையெல்லாம் வேறு ஏதோ பாஷையாக மாறியிருக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஓர் ஊர்ப் பெயர் வந்தபோது, "இன்னொரு தடவை" என்றார். சொன்னேன். "எங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஊரு. அங்க பிளம்ஸ் மரம் நிறைய" என்றார். தாளைப் பற்றி அதற்குமேல் அவர் சொன்னது எதையும் இங்கே எழுத மாட்டேன்.

கடைசி வரைக்கும் படித்து முடித்தேன். அங்கே வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு ஓட்டாம். அவர் தாளின் இடப்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடம் சொன்னார். நான் அவருடைய விரலைப் பிடித்து முதல் வட்டத்தில் வைத்தேன். பென்சில் வேண்டாம், பேனா கொடு என்றார். கோடு வட்டத்தைத் தாண்டிவிடாமல் என் ஆட்காட்டி விரலை வேலிபோல வளைத்து வைத்தேன். அவர் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதை வெட்டி இன்னொரு கோடு. பிறகு அடுத்த வட்டம். பேனா தாளில் உரசிய சத்தத்தைக் கேட்டு அப்படியே இருந்தார். நானும் இருந்தேன். வாய்க்கால்கூட நின்றுவிட்டதுபோல இருந்தது எனக்கு.

உறுதிமொழித் தாளில் ஒத்தாசை செய்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்பு உறையை அவரே நாக்கால் நனைத்து ஒட்டினார்.

அலுவலகத்துக்கு ஓடி வந்து அதை விரைவுத் தபாலில் பதிந்தபோது எங்கள் தபால் வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டி மறுநாள் மதியம். அது போதாது. திருநெல்வேலி ரயில் நிலையத்தில் தபால் பிரித்து அனுப்பும் அலுவலகம் இருக்கிறது. அங்கே சாயங்காலச் சென்னை வண்டிக்குப் பை கட்டுவார்கள். அதைப் பிடித்தால் ஒருவேளை முடியும். ஆனால் பதிந்த தபாலைப் போஸ்ட்மாஸ்டர் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது. மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ஒரே ஒரு கவரா?" என்றார்.

"ஒண்ணுதான் சார். ஓட்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "முறைப்படி பை கட்டுங்க. தனியாப் பதிஞ்சு, நீங்களே கொண்டு போறதா எழுதுங்க. நான் ஒப்புதல் அனுப்புதேன். பத்திரம்."

பெரிய பைக்குள் அந்த ஒற்றை உறையைப் போட்டேன். கழுத்தைச் சுருக்கி, முடிச்சுப் போட்டு, முத்திரை வைத்தேன். பை கிட்டத்தட்டக் காலி. தூக்கினால் துணி மட்டும்தான் கனத்தது. முருகனிடம் கவுண்டரை ஒப்படைத்தேன்.

"அக்கா, நான் போயிட்டு வாரேனே. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"இல்ல முருகா. நான்தான் போவணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னம்மா, அரிசியா?" என்றார். "தபால்" என்றேன். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி. ஆறு சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் தென்னைகளுக்குப் பின்னால் போய்விட்டது. பிசான நெல் அறுத்த வயல்களில் கொக்குகள் நின்றன. பஸ் ஆடியதில் கண் சொருகியது. அரைத் தூக்கத்தில் ஒரு பெரிய கூடம் தெரிந்தது. ஒரு மூலையில் திரை. வெளியே பனி கொட்டுகிறது. ஒரு சின்னப் பெண் பின்னலோடு தனியாக நிற்கிறாள். அவள் கையைப் பிடிக்கலாம் என்று நான் எட்டுகிறேன். பேட்டையில் கண்டக்டர் விசில் அடித்தார். விழித்தபோது என் கை பையின் முடிச்சைப் பிடித்திருந்தது.

ரயில் நிலையத்தில் இசக்கி அண்ணாச்சி வேலையில் இருந்தார். பழைய பழக்கம். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன போஸ்ட்மாஸ்டரே, நீங்களே சுமக்க ஆரம்பிச்சிட்டிய?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். முத்திரையைப் பார்த்து ஏற்றுக்கொண்டு, உறையை எடுத்து விலாசத்தை மட்டும் வாசித்தார். வெளிநாட்டுப் பைக்கட்டில் மேலே வைத்தார். "இந்த வண்டியில போயிரும். அதுக்கு மேல மானத்துல பறக்குதவன் பாடு" என்றார். வண்டி கிளம்புகிற வரைக்கும் நடைமேடையில் நின்றேன். எனக்கு அங்கே வேலையில்லைதான்.

புதன், வியாழன், வெள்ளி. கணினியில் அந்த விரைவுத் தபாலின் எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். சென்னை வந்தது. விமானம் ஏறியது. சனிக்கிழமை பிராங்க்ஃபர்ட் என்று காட்டியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று என் கணவர் இன்றும் சொல்வார். அன்று சாயங்காலம் வரைக்கும் எண் பிராங்க்ஃபர்ட்டிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலையில் அது சேர வேண்டிய ஊரில் சேர்ந்தது.

வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வானொலியில் முடிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என் நடைச்சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டார்.

"போய்ச் சேந்துட்டா?"

"சேந்துட்டு அம்மா. இன்னைக்குக் காலையில."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். என்னவெல்லாமோ சொன்னேன், வண்டி முன்னால் போய்விட்டது, சீட்டு ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்று. அவர் தடியை வைத்துவிட்டு, கையை நீட்டித் தேடி, என் தோளைப் பிடித்தார்.

"நீ எதுக்குட்டி அழுத? நான் போட்டேன்லா? திரைக்குப் பின்னால போயிப் போட்டேன்லா?"

"எண்ண மாட்டாகளே அம்மா."

"எண்ண மாட்டாக. பிந்தி வந்த உறையத் திறக்கவும் மாட்டாக. கட்டி வச்சிருந்து பொறவு அழிச்சிருவாக." சொல்லிவிட்டு யோசித்தார். மெல்ல அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "எங்கம்மா போட்டத அந்த ஆளுக பிரிச்சுப் பாத்தாக. என்னுத ஒருத்தனும் பாக்க முடியாது."

பிறகு காப்பி போடச் சொன்னார். சர்க்கரை அதிகமாகக் கேட்டார்.

எல்ஃபி அம்மா ஐப்பசி மழையில், நாலு நாள் காய்ச்சலில் காலமானார். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். அவரிடம் நடை பழகியவர்கள் ஊர் ஊராக வந்து, மழையில் நனைந்தபடி பெட்டியைத் தூக்கினார்கள். அவர் தங்கையின் மகன், மத்தியாஸ் என்பவர், ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. வாழையிலையில் சோற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். கரண்டி கொடுத்தேன்.

பாதிச் சாப்பாட்டில் அவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அந்தத் தேர்தலில் அவர்கள் குடும்பமே இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். அவரும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேருமே பெரியம்மா தன் பக்கம்தான் என்று நம்புகிறார்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்டு எழுதியதற்கு, அந்த அம்மா பாபநாசத்தில் அருவி நன்றாகக் கொட்டுகிறது என்று பதில் போட்டிருக்கிறார். "நீங்கள்தான் அவருக்கு உதவி செய்ததாகக் கேள்விப்பட்டேன். ஊருக்குப் போனதும் தம்பியிடம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கண்கள் எல்ஃபி அம்மாவின் கண்கள்போலவே இருந்தன. ஆனால் என்னை நேராகப் பார்த்தன.

"தெரியும்" என்றேன்.

அவர் காத்திருந்தார். வெளியே மழை பிடித்துப் பெய்தது. நான் எழுந்து அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, ரசம் ஊற்றினேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் எங்கள் சண்டைக்குப் பெரியம்மா தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தம்பிக்கு நான்தான் முதலில் போன் செய்ய வேண்டியிருக்கும்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.